வாகனம் வழமையாக நிற்கும் இடம்

“வாகனம் வழமையாக நிறுத்தி வைக்கப்படும் இடம் எது?”

இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி இது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்கழி மாதம், புத்தளத்தில் ஒரு வீட்டின் முன் அறையில் கதிரையில் இருந்தபடி அமிர்தநாயகம் இந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பேனை இருந்தது. ஒரு சொல்லும் எழுதத் தோன்றவில்லை. ஒரு வருஷம் கழித்து அவர் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, அதே கேள்வியை ஊர்ப் பிள்ளையான என்னிடம் கேட்டார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு திரிந்த எனக்கும் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமிர்தநாயகம் மன்னார்த் தீவில் பேசாலைக்காரர். அந்தக் கரையில் பிறந்த ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேர் கடலுக்குப் போவார்கள். அவருக்குக் கடல் ஒத்துவரவில்லை. வள்ளம் ஆடத் தொடங்கினால் குடல் வாய்க்கு வந்துவிடும். “இவன் தாய் வயித்துக்குள்ள எப்பிடித்தான் மிதந்தானோ” என்று பெற்ற தகப்பனே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம். ஆகவே பதினெட்டு வயதில் சாரதியானார். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு நிற்கும் பழைய ஒஸ்ரின் கார் ஒன்றை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். முதலாளிகள் மூன்று பேர் மாறினார்கள். காரும் சாரதியும் மாறவில்லை. பின் கதவு ஒன்று கயிற்றால் கட்டியிருக்கும். மழை பெய்தால் உள்ளே இருப்பவர் குடை பிடிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் ஐம்பத்திரண்டு வயதில் புதுக் கார் வாங்கியது ஆசைப்பட்டு அல்ல, மனைவி அன்ரோனெற்றுக்காக.

அந்த வருஷம் அன்ரோனெற்றுக்கு இடுப்பெலும்பில் நோய் கண்டது. மாதம் ஒருமுறை கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும். பேசாலையிலிருந்து மன்னாருக்கு ஒரு பஸ், மன்னாரிலிருந்து மதவாச்சிக்கு இன்னொரு பஸ். மதவாச்சியில் எல்லோரும் இறங்கி, பொதிகளைத் தூக்கிக்கொண்டு, இராணுவச் சோதனைக் கொட்டில்களுக்கு ஊடாக வரிசையில் ஊர்ந்து, மறுபக்கம் போய் வேறு பஸ் பிடிக்க வேண்டும். கார்த்திகை மாதம் அந்த வரிசையில் அன்ரோனெற் நான்கு முறை நிலத்தில் குந்தினாள். நான்காவது முறை எழும்ப முடியவில்லை. இரண்டு பெண்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அந்த நேரம் ஆண்கள் வரிசையில் நின்ற அமிர்தநாயகத்தால் இடையில் இருந்த தகரத் தடுப்புக்கு மேலால் எட்டிப் பார்க்க மட்டுமே முடிந்தது.

சொந்த வாகனத்தில் வருபவர்கள், கடதாசிகள் சரியாக இருந்தால், வாகனத்தோடே கடக்கலாம் என்று அப்போது இருந்தது. நோர்வேயில் இருந்த மகள் இதைக் கேள்விப்பட்டு, “அம்மா இனி நடக்கப்படாது” என்று காசு அனுப்பினாள்.

அமிர்தநாயகத்துக்கு வேண்டியது ஒன்றுதான். அதை அவர் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சொன்னார். “வீட்டு வாசலில ஏறவேணும், ஆஸ்பத்திரி வாசலில இறங்கவேணும். நடுவில அவளின்ர கால் நிலத்தில படப்படாது.”

கொழும்பில் வெள்ளை நிற மாருதி ஒன்றைப் புதிதாக எடுத்தார். நம்பர் இல்லாத காரை வடக்கே கொண்டுவர முடியாது. ஆகவே காரைப் புத்தளம் வரை ஓட்டிவந்து, தன் சிநேகிதன் ஜுனைதீனின் வளவில் விட்டார்.

ஜுனைதீன் எங்கள் தீவுக்காரர்தான், எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் முழுவதும் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டபோது, அவருடைய நடக்க முடியாத தாயை வள்ளம் ஏற்றக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கியது அந்தக் கயிறு கட்டிய ஒஸ்ரின் கார்தான். அன்றைக்குப் போனவர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார். அங்கே இன்சூரன்ஸ் முகவராக வேலை பார்த்தார். அமிர்தநாயகத்தின் கைக்கு அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தவரும் அவர்தான்.

“ஏழுக்கு முன்னால எவ்வளவு நேரம் இருக்கப்போறாய்? எட்டுக்குப் போ மச்சான்,” என்றார் ஜுனைதீன்.

“ஏழுக்கு மறுமொழி இல்லாமல் எட்டுக்குப் போகலாமோ?”

“பேசாலை எண்டு எழுதினால் என்ன நடக்கும் சொல்லட்டே? சண்டை நடக்கிற இடம் எண்டு கொம்பனி மேலதிகமா ஏத்தும். அதையும் கட்டினாப் பிறகு, குண்டு வெடிச்சால் தாங்கள் பொறுப்பில்லை எண்டு அடியில எறும்பு மாதிரி எழுத்தில போடும். நான் விக்கிற ஆள். எனக்குத் தெரியாதே?”

“அப்ப என்ன செய்ய?”

“என்ர விலாசத்தைப் போடு. பதிவுக்கும் அதையே குடு. பேசாலை விலாசம் எண்டால் நம்பருக்கு முன்னால என்.பி. எண்டு வரும். வட மாகாணம். கொழும்பில என்.பி. காரைக் கண்டால் சந்திக்குச் சந்தி மறிப்பாங்கள். சீற்றைக் கழட்டுவாங்கள். அன்ரோனெற்றை இறக்கி வெயிலில நிப்பாட்டுவாங்கள். புத்தளம் விலாசம் எண்டால் என்.டபிள்யூ. வடமேல் மாகாணம். ஒருத்தனும் திரும்பிப் பாக்கான்.”

அமிர்தநாயகம் தயங்கினார். பொய் எழுதிப் பழக்கமில்லாத மனிதர். “பொய் எல்லோ ஜுனைதீன்?”

“என்ன பொய்? என்ர அகதி நிவாரண அட்டையைப் பார். பதினாறு வருஷமா எருக்கலம்பிட்டி எண்டுதான் கிடக்குது. ஆள் இருக்கிறது புத்தளத்தில. நீ இருக்கிறது பேசாலையில, உன்ர கார் புத்தளத்தில இருக்கட்டும். ரெண்டு பேரையும் கூட்டிக் கழிச்சுப் பார், சரியா வரும்.”

உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த ஜுனைதீனின் மனைவி உம்மு குல்சூம், “இவர் சொல்லுறதைக் கேட்டு ஆருக்கும் விளங்கியிருக்கோ?” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஏழாவது கேள்விக்கு நேரே ‘புத்தளம்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தார் அமிர்தநாயகம். வெயிலில் அன்ரோனெற்றை நிற்க வைப்பார்கள் என்ற ஒரு பேச்சே அவரை எழுத வைத்தது.

நம்பர் பிளேட் வர மூன்று நான்கு கிழமை ஆகும் என்றார்கள். காருக்கு மேல் படங்கு ஒன்றைப் போர்த்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, அவர் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்.

எங்கள் பக்கத்தில் புது வள்ளம் வாங்கினாலும் புது வாகனம் வாங்கினாலும் முதலில் மடு மாதாவிடம்தான் கொண்டுபோவார்கள். கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து முடிந்து உள்ளே கட்டுவார்கள். அந்த மண் இருக்கும் இடத்தில் பாம்பு தீண்டாது, கெடுதல் அண்டாது என்று நம்பிக்கை. ஆனால் அந்த நாட்களில் மடுப் பக்கம் போக வழியில்லை. அன்ரோனெற் அலுமாரியைத் திறந்து, பழைய ஆவணித் திருநாளில் கொண்டுவந்து போத்தலில் வைத்திருந்த மண்ணை எடுத்தாள். தன் நீலச் சேலை ஒன்றில் துண்டு கிழித்து, மண்ணைச் சிறிய பொட்டலமாக முடிந்தாள்.

“கோயிலுக்குப் போகாமல் முதலில மண்ணைக் கட்டுறது சரியோ?” என்று அமிர்தநாயகம் கேட்டார்.

“மாதா கோவிக்க மாட்டா. ரோட்டு எப்பிடிக் கிடக்குது எண்டு அவவுக்குத் தெரியும். நீங்கள் கொண்டுபோய்க் கண்ணாடிக்குக் கீழ கட்டிவிடுங்கோ. நான் ஏறேக்க அது அங்க இருக்கவேணும்.”

தை மாதம் அதைக் கொண்டுபோய்க் கட்டினார். நம்பர் இன்னும் வரவில்லை. திரும்பி வந்து பத்து நாளில் அந்தச் செய்தி வந்தது. இனி மதவாச்சியைத் தாண்டி வாகனங்கள் அங்காலும் போகக்கூடாது, இங்காலும் வரக்கூடாது. ஆட்கள் நடந்து கடந்து மறுபக்கம் வேறு வாகனம் பிடிக்க வேண்டும்.

அடுத்த கிழமை ஜுனைதீன் தொலைபேசியில் கூப்பிட்டார். “நம்பர் வந்திட்டுது மச்சான். வடிவான நம்பர். கூட்டினால் ஒன்பது வருது.”

“இனி அது மதவாச்சியைத் தாண்டாதாம்,” என்றார் அமிர்தநாயகம். ஜுனைதீன், “கேள்விப்பட்டனான்,” என்றார்.

என்.பி. போட்டு எப்படியாவது வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாலும் கார் கொழும்புக்குப் போகாது. என்.டபிள்யூ. போட்டதால் கொழும்புக்குப் போகும், ஆனால் வீட்டுக்கு வராது. எப்படி எழுதியிருந்தாலும் அன்ரோனெற் நடக்கத்தான் வேண்டும் என்பது அமிர்தநாயகத்துக்கு அன்று விளங்கவில்லை. தான் எழுதிய ஒரு சொல்லால்தான் எல்லாம் பிழைத்தது என்றே நினைத்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நோயாளர்களுக்கு விசேஷ அனுமதி கிடைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கிராம சேவகரின் கடிதம், பங்குத் தந்தையின் கடிதம், ஆஸ்பத்திரி அட்டை, ஜுனைதீன் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பதிவுப் புத்தகத்தின் பிரதி, இன்சூரன்ஸ் விண்ணப்பத்தின் பிரதி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக்கொண்டு மன்னாரில் அனுமதி கொடுக்கும் கந்தோருக்குப் போனார். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்கள். அதிகாரி இளம் ஆள். இருக்கச் சொல்லிக் கதிரை காட்டினார். தமிழ் தெரிந்திருந்தது.

“இது உங்கள் வாகனமா?”

“ஓம் ஐயா.”

“உங்கள் வீடு?”

“பேசாலை.”

அதிகாரி கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “இங்கே ஏழாவது கேள்வி. வாகனம் நிற்கும் இடம் புத்தளம். பதிவிலும் புத்தளம். இது உங்கள் கையெழுத்துத்தானே?”

“ஓம்.”

“அப்போ புத்தளத்து வாகனம் மன்னாருக்கு ஏன் வர வேண்டும்?”

“என்ர மனுசி இஞ்ச இருக்கிறா ஐயா. நடக்கமாட்டா.”

“அடையாள அட்டையில் பேசாலை. இதில் புத்தளம். இரண்டில் எது பொய்?”

அமிர்தநாயகம் மனதுக்குள் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தார். புத்தளம் பொய் என்றால் ஜுனைதீனைப் பிடிப்பார்கள். பேசாலை பொய் என்றால் தானே இங்கே இருக்க முடியாது. அதிகாரியின் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம் என்று பிறகு அமிர்தநாயகம் என்னிடம் சொன்னார். அதிகாரி கடதாசிகளை ஒழுங்காக அடுக்கி, உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அன்ரோனெற் கட்டிலில் சாய்ந்திருந்தாள். “என்னவாம்?”

“பாப்பமாம்.”

“பாப்பம் எண்டால் இல்லை எண்டுதானே,” என்றாள். “சரி, உடுப்பை மாத்திக்கொண்டு வந்து சாப்பிடுங்கோ. மீன் ஆறுது.”

மாசி மாதம் வேறு ஒழுங்கு செய்தார்கள். ஜுனைதீன் புத்தளத்திலிருந்து காரைக் கொண்டுவந்து மதவாச்சிக்கு அங்கால் நிற்பார். அன்ரோனெற் சோதனையைக் கடந்து வந்து காரில் ஏறுவாள். அன்றிரவு ஜுனைதீன் வீட்டில் தங்கிக் காலையில் கொழும்பு. நடை மட்டும் நடையாகவே இருந்தது. அதற்காக அமிர்தநாயகம் ஒரு பிளாஸ்ரிக் முக்காலி வாங்கினார். பெண்கள் வரிசைக்குள் அவர் போக முடியாது. அன்ரோனெற்றே அதை ஒரு கையால் இழுத்து இழுத்து, இரண்டு அடி நகர்ந்து இருந்து, திரும்ப நகர்ந்து, ஒன்றரை மணித்தியாலத்தில் மறுபக்கம் வந்தாள்.

கார் நின்றது. ஜுனைதீன் அதைக் கழுவித் துடைத்திருந்தார். அன்ரோனெற் பின் சீற்றில் ஏறி, பிளாஸ்ரிக் உறை கழற்றாத இருக்கையைக் கையால் தடவினாள். கண்ணாடிக்குக் கீழே நீலப் பொட்டலம் ஆடியது. கதவைச் சாத்தியதும் ‘டப்’ என்று மெல்லிய சத்தம்.

“இதென்ன, சத்தமே இல்லை,” என்றாள். “உங்கட ஒஸ்ரின் கதவைச் சாத்தினால் தலைமன்னாரில கேக்கும்.”

“ஒஸ்ரினைப் பழிக்காத,” என்றார் ஜுனைதீன் முன்னாலிருந்து. “என்ர உம்மாவை ஏத்தின கார் அது.”

அநுராதபுரம் வருவதற்குள் அவள் நித்திரையாகிவிட்டாள். நோய் கண்ட பிறகு பயணத்தில் அவள் நித்திரை கொண்டதை அமிர்தநாயகம் அன்றுதான் பார்த்தார். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்து, வழி முழுக்க அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். “ரோட்டைப் பார்,” என்று ஜுனைதீன் இரண்டு தரம் சொன்னார். கொழும்பு வரைக்கும் ஒருவரும் மறிக்கவில்லை. ஜுனைதீன் சொன்னது சரிதான்.

பங்குனியில் திரும்பவும் போனார்கள். அன்ரோனெற் நன்றாக மெலிந்துவிட்டாள். முக்காலியை இழுக்கக் கையில் பலமில்லை. வரிசையில் நின்ற ஒரு பிள்ளைத்தாய்ச்சிதான் இழுத்துக் கொடுத்தாளாம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மறுபக்கம் வந்தபோது கார் இல்லை.

ஒரு கடைத் தாழ்வாரத்தில் அவளை இருத்திவிட்டு அமிர்தநாயகம் காத்திருந்தார். பதினொரு மணியானது. பன்னிரண்டானது. தொலைபேசிக் கடைக்குப் போய் ஜுனைதீனின் கைத்தொலைபேசிக்கு எடுத்தார். நான்காவது முறை ஜுனைதீன் பேசினார்.

“அநுராதபுரத்துக்கு முன்னால மறிச்சுப்போட்டாங்கள் மச்சான். எல்லாக் கடதாசியும் சரி. நம்பர் சரி, இன்சூரன்ஸ் சரி. கடைசியில அந்தப் பொட்டலத்தைக் கண்டிட்டாங்கள்.”

“மண்தானே எண்டு சொல்லேல்லையோ?”

“சொன்னன். என்னத்துக்கு மண் எண்டான். பாம்பு கடிக்காமல் இருக்க எண்டன். காருக்குள்ள பாம்போ எண்டு கேக்கிறான். நான் முஸ்லிம், மாதா கோயில் மண் எண்டு சொன்னால் அவனுக்கு எப்பிடி விளங்கும்? வெடிமருந்தோ என்னவோ, அனுப்பிப் பாக்கவேணுமாம். நாளைக்குத்தான் விடுவாங்களாம். என்னையும் இருக்கச் சொல்லியிருக்கு.”

“நீ அதை முதலே கழட்டி வச்சிருக்கலாமே.”

“அன்ரோனெற் கட்டச் சொன்னது எல்லோ,” என்றார் ஜுனைதீன். “நான் எப்பிடி அவிழ்க்கிறது?”

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை எட்டு மணிக்கு நம்பர். பஸ்ஸில் போனால் பிடிக்கலாம். கொழும்பு பஸ் வந்தபோது அமிர்தநாயகம் அவளைத் தாங்கிக்கொண்டு போனார். படி உயரம். கால் தூக்க வரவில்லை. பின்னாலிருந்து அவர் தூக்கினார், மேலிருந்து நடத்துநர் கைகொடுத்தார். அவள் வாய் திறந்து கத்தவில்லை. அவருடைய மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். நகம் பட்ட இடத்தில் இரத்தம் வந்தது. அவர் அவளைக் கீழே இறக்கிவிட்டார். பஸ் போய்விட்டது.

“என்ன நடந்ததாம் காருக்கு?” என்று அவள் தாழ்வாரத்தில் வந்து இருந்த பிறகுதான் கேட்டாள்.

மண்ணைப் பற்றி அவர் சொல்லவில்லை. “ரயர் காத்துப் போட்டுதாம்,” என்றார். பொய் எழுதத் தயங்கிய மனிதர் அன்றைக்குப் பொய் சொன்னார்.

“புது ரயரோ?” என்றாள். பிறகு, “சரி, வீட்டுக்குப் போவம்,” என்றாள். திரும்பி வரும்போதும் அதே கொட்டில், அதே வரிசை, அதே முக்காலி.

சித்திரையில் அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. வைகாசியில் பேசாலைச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

எட்டாம் நாள் ஜுனைதீன் பஸ்ஸில் வந்தார். பதினாறு வருஷத்துக்குப் பிறகு தீவுக்கு வந்தவர் தன் ஊருக்குப் போகவில்லை, நேரே பேசாலைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீலத் துணித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“மண்ணைத் திருப்பித் தரேல்ல,” என்றார். “சீலையைத்தான் தந்தாங்கள்.”

அமிர்தநாயகம் அதை எடுத்து மடித்தார். முடிச்சுப் போட்ட சுருக்கம் அதில் அப்படியே இருந்தது.

அந்த மார்கழியில் இன்சூரன்ஸ் புதுப்பிக்க அதே விண்ணப்பம் வந்தது. அதே ஏழாவது கேள்வி. அமிர்தநாயகம் மற்ற எல்லாவற்றையும் நிரப்பி, ஏழாவதை வெறுமையாக விட்டு அனுப்பினார். ஜுனைதீன் தன் கையால் ‘புத்தளம்’ என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார். இப்போதும் மாதம் ஒருமுறை அமிர்தநாயகம் மதவாச்சியில் நடந்து கடந்து புத்தளத்துக்குப் போகிறார். படங்கைத் தூக்கி, காரை ஸ்ராட் பண்ணி, பற்றரி இறங்காமல் கால் மணித்தியாலம் ஓடவிட்டு, முன் சீற்றில் இருந்துவிட்டு வருகிறார். இருக்கையின் பிளாஸ்ரிக் உறையை இன்னும் கழற்றவில்லை. விற்றுவிடுங்கோ என்று மகள் சொல்கிறாள். விற்பதற்கும் விலாசம் கேட்பார்கள் என்று சிரிக்கிறார்.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. உங்களில் யாராவது புத்தளத்துக்கோ கொழும்புக்கோ போய்வருவீர்கள். அங்கே எங்கேயாவது என்.டபிள்யூ. நம்பரோடு ஒரு சின்ன வெள்ளைக் காரைக் கண்டால், பக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும். கடதாசியில் என்ன எழுதியிருந்தாலும் அது பேசாலைக் கார் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.